சிலேட்டு போன இடம்

"காதக்கா பொண்ணா நீ?" என்று டெய்லர் கேட்டபோது அவர் உதட்டிடுக்கில் மூன்று குண்டூசிகள் இருந்தன.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், ஆபீசில் தனக்கென்று ஒரு மேசை வந்த பிறகும் அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யானைக்காதுச் செடி வளர்க்கிற அக்கா என்பது சுருங்கிச் சுருங்கிக் காதக்கா ஆகியிருந்தது. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னாருடைய அம்மா என்று அறியப்பட்டார்கள். அவள் வீட்டில் தலைகீழ். அவள்தான் காதக்கா பொண்ணு.

"மூக்கைப் பாத்தாலே தெரியுது. அக்கா எப்படி இருக்காங்க? இந்த வருஷம் ஆளைக் காணோமேன்னு நெனச்சேன்."

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க," என்றாள். "சிலேட்டு உங்ககிட்ட இருக்குன்னு நோட்டுல எழுதியிருக்கு. அதுல ஒரு துண்டு வேணும். முக்கால் மணி நேரத்துல எனக்குத் திரும்ப பஸ்."

எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது. டெய்லர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் காலரில் குத்தினார். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். ஏற்கெனவே நின்றுவிட்ட மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து இன்னொரு தடவை நிறுத்தினார்.

"வா," என்றார்.

கடைக்குப் பின்னால் ஓர் ஆள் திரும்பும் அளவுக்குத்தான் இடம். கை கழுவும் தொட்டியின் தண்ணீர் வடிந்து ஓடும் மூலையில் அது நின்றது. அவள் தோளுயரம். ஒவ்வொரு இலையும் ஒரு பெரிய தாம்பாளம். கறுப்பு என்றால் மையின் கறுப்பு இல்லை, ஈரத்துணியால் துடைத்த சிலேட்டின் கறுப்பு. நரம்புகள் சரியாக அழியாமல் விட்டுப்போன சாக்பீஸ் கோடுகள் மாதிரி. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அம்மா வைத்த பெயர் அது.

நினைவில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஒழித்துக்கட்டிய ஒன்று ஒன்பது வருஷம் இன்னொரு ஊரில் சாவகாசமாக வளர்ந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கு முதலில் வந்தது ஒருவிதக் கோபம்தான். அவளுக்கு எல்லாமே முதலில் அப்படித்தான் வரும்.

முந்தாநாள் சாயங்காலம் அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள், "சிலேட்டுக்குத் தண்ணி ஊத்துனியா?"

ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயர் அம்மா வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"ஊத்துனேம்மா," என்றாள் அவள்.

"சரி" என்பதுபோல அம்மாவின் விரல் ஒன்று அசைந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் விரிப்புகளைப் பிழிந்த விரல். இப்போது நீர் கோத்து, அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அதே ஆஸ்பத்திரி சொல்லிப் பத்து நாளாகியிருந்தது.

அதன் பிறகுதான் அவள் அலமாரியைக் குடைந்து நோட்டை எடுத்தாள். அது நோட்டு இல்லை. சலவைக் கூடத்தில் பாதியில் கைவிட்ட ஒரு பெரிய ரிஜிஸ்டர். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் அச்சடித்திருக்கும். உருப்படி, வந்த இடம், போன இடம். எந்த வார்டிலிருந்து எத்தனை விரிப்பு வந்தது, எந்த வார்டுக்குப் போனது என்று எழுதுவதற்கானது. அம்மா அதில் செடிகளை எழுதவைத்தாள். அவள் இரண்டாம் வகுப்பில் கூட்டெழுத்துக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அதற்கு அவள்தான் குமாஸ்தா.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் விளக்கடியில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதுவாள். "உருப்படி, சிவப்புத் தண்டு. வந்த இடம், எக்ஸ்ரே எடுக்கிறவரோட மாமனார் வீட்டுக் கிணத்தடி." "உருப்படி, குட்டைக்காது. வந்த இடம், மூணாம் வார்டுல கால் ஒடிஞ்சு கெடந்த லாரிக்காரர். போன இடம், ட்ராயிங் மாஸ்டர்." எந்த நர்சரியிலும் கிடைக்காததுதான் அம்மாவுக்கு வேண்டும். சலவைக் கூடத்துக்கு மூட்டை தூக்கி வருகிறவரிடம், வார்டில் துணைக்கு இருக்கிறவரிடம், ஆம்புலன்ஸ் டிரைவரிடம், யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்பாள்: "உங்க ஊர்ல வாய்க்கா ஓரத்துல பெரிய எலையா ஏதாச்சும் இருக்கா? எல சும்மா பச்சையா இருந்தா வேணாம். வேற மாதிரி இருந்தா ஒரு கெழங்கு கொண்டாங்க." நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போவான். இரண்டு மாதம் கழித்து அவன் தம்பி ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பான். ஒரு தடவை பசியில் அம்மாவின் டிபன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே சேறும் வேருமாக ஒரு கிழங்கு. அன்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கிழங்கில் எது மேல் எது கீழ் என்று தெரியாவிட்டால் படுக்க வைத்து நட வேண்டும், அதுவே திரும்பிக்கொள்ளும் என்று அம்மா சொல்வாள். இன்னொன்றும் சொல்வாள்: "ஒரே வீட்டுல மட்டும் இருக்கிற செடி பாதி செத்த செடி." எது கிடைத்தாலும், அது இரண்டு இலை விட்டதும், ஒரு துண்டை வெட்டி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். இங்கே அழுகினாலும் அங்கே இருக்கும். செடிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதனால்தான் மூன்றாவது பத்தி.

அவள் பதினேழாவது வயதில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அம்மாவே எழுதியிருந்தாள், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோட்டுக்கு மேலும் கீழும் தொங்கிக்கொண்டு. அப்படி அம்மா எழுதிய முதல் வரியிலேயே இருந்தது. உருப்படி, சிலேட்டு. வந்த இடம் காலி. போன இடம், டெய்லர். ஊர்ப் பெயர். பஸ் ஸ்டாண்டு பின்னால்.

வெட்டி எறிவதற்கு முன்பே ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள், அம்மாவின் வழக்கம்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தால் போதும். வாயால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும். நான்தாம்மா பண்ணினேன். இந்தா.

இன்று விடிந்ததும் அவள் செருப்பை மாட்டியபோது மாமா வாசலை மறித்தார். அம்மாவின் அண்ணன்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஒரு செடி வாங்கிட்டு வரணும்."

"செடியா? தாய் சாகக் கெடக்கா, செடி வாங்கப் போறாளாம். இதுக்குத்தான் படிச்சியா, பட்டதாரி?"

"சித்தி இருக்காங்க, நீங்க இருக்கீங்க. மூணு மணிக்குள்ள வந்துருவேன்."

"அவ பேச்சை அப்படியே பேசுறா பாரு," என்றார் மாமா, உள்ளே இருந்த சித்தியிடம்.

டெய்லர் மண்வெட்டியோடு வந்தார். "எலையெல்லாம் வெட்டிடறேன். எலையோட கொண்டுபோனா பாதி வழியில தொங்கிடும்."

"ஒரு எலையாவது இருக்கணும். அவங்க பாக்கணும்."

அவர் மறுக்கவில்லை. ஒரே ஓர் இலையை விட்டுவிட்டு மற்றவற்றைத் துணி வெட்டும் கத்தரியால் நறுக்கினார். சுற்றிலும் பள்ளம் பறித்தார். பறித்துக்கொண்டே பேசினார்.

"இது எங்கிட்ட வந்தப்ப பாதிக் கெழங்குதான் இருந்துச்சு. குறுக்கால ஒரே வெட்டு. சாக்கடைச் சேறு அப்பியிருந்துச்சு. அதைக்கூடக் கழுவாம பஸ் ஏறி வந்திருக்காங்க."

அவள் கை கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப?"

"என் ரெண்டாவது பொண்ணு பொறந்த வருஷம். அவளுக்கு இப்ப ஒம்போது. ஆஸ்பத்திரித் துணியில சுத்தி வச்சிருந்தாங்க, மூலையில நம்பர்கூட இருந்துச்சு. 'இதை நீ வச்சுக்க'ன்னாங்க. 'ஏங்க்கா, உங்க வீட்டுல வைக்கலையா?'ன்னேன். 'அங்க எடமில்ல'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அறுவது செடி வச்சிருக்கிற வீட்டுல ஒண்ணுக்கு எடமில்லையா? அதுவும் இதுக்கு?"

கிழங்கின் மேல்முனை தெரிந்தது. அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தார். இரண்டு கைகளிலும் தையல் கடைப் பிளாஸ்டிக் உறை.

"நல்லா வந்தப்புறம் வருஷா வருஷம் சொல்லுவேன், ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்கன்னு. வேணாம்பாங்க. வருவாங்க, எலையைத் தொடைப்பாங்க, ஒரு டீ குடிப்பாங்க, கெளம்பிடுவாங்க. ஒரு தடவை ரொம்பக் கேட்டேன். 'அது அங்க இருந்தா ஒருத்தர் தெனம் அதைப் பாக்கணும். பாக்க வேணாம்'னாங்க. யாருன்னு சொல்லல. மாமியாரா இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"எங்க வீட்டுல மாமியார் யாரும் இல்ல," என்றாள் அவள். "நான் கைக்குழந்தையா இருந்ததுலேருந்து நாங்க ரெண்டு பேருதான்."

டெய்லரின் கை மண்ணுக்குள் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு தேவையில்லாத ஓர் இடத்தில் இன்னும் கொஞ்சம் மண்ணை விலக்கினார்.

"பக்கக் கெழங்கு ரெண்டு இருக்கு," என்றார். "மொத்தமாவே எடுத்துட்டுப் போம்மா. எனக்கு அடியில துண்டு கெடக்கும், அது வந்துரும்."

வேரோடும் மண்ணோடும் தூக்கி, ஈரமாக்கிய வெட்டுத்துணிகளால் சுற்றினார். பூப்போட்டது, கோடு போட்டது, பள்ளிச் சீருடையின் நீலம். அதை ஒரு சாக்குப் பையில் இறக்கி, வாயைச் சேர்த்து நாலு தையல் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சாக்கை மடியில் வைத்தாள். அந்த ஒற்றை இலை அவள் முகத்தை மறைத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்கும் நீண்டது.

"இதுக்கு யாரு டிக்கெட் எடுக்கிறது?" என்றார் கண்டக்டர். "என்ன வயசு?"

"ஒம்போது."

"அப்ப அரை டிக்கெட். மடியில வச்சுக்கிறதுனால விட்டுட்டேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் இலைக்குப் பின்னால் இருந்தாள். அது ஒரு வசதி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பள்ளிக்கூடப் பரிசளிப்பு. பள்ளியிலேயே முதல் மார்க். அவர்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. மேடையில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்டா," என்று அம்மா விடியலிலேயே கிளம்பிப் போனாள். எங்கோ ஒரு குளக்கரையில் புலிக்குட்டி மாதிரித் தண்டில் வரி போட்ட செடி ஒன்று இருக்கிறதாம். அன்று விட்டால் மறுநாள் கரையை வெட்டிக் கொட்டப் போகிறார்களாம். மேடையில் அவள் தனியாக நின்றாள். "அம்மா வரலையா?" என்று ஒலிபெருக்கியை அணைக்காமலேயே கேட்டார்கள். முன்வரிசையில் யாரோ, "கெழங்கு தோண்டப் போயிருக்கும்," என்றார்கள். ஊரே சிரித்ததாக அவளுக்கு ஞாபகம். நாலு பேர் சிரித்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மெடலைக்கூடக் கழற்றாமல் மண்வெட்டியை எடுத்தாள். அறுபதில் எதை வெட்டினால் அம்மாவுக்கு வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதன் பெயரை எழுதியதே அவள்தான். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற சிலேட்டைக் கொத்தி, மீதியை வெறும் கையால் பிடுங்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடையில் எறிந்தாள்.

பொழுது சாயும் நேரம் அம்மா பொட்டலத்தோடு வந்தாள். வழியில் பஸ் நின்றுவிட்டது என்று சொல்லத் தொடங்கியவள் அந்தக் குழியைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அவள். அம்மா எதுவுமே கேட்டிருக்கவில்லை.

யானைக்காதின் பால் பட்டால் அரிக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஆயிரம் ஊசி குத்துகிற மாதிரி ஆகும். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கைகள் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தன. மடிக்கடியில் மறைத்து மறைத்துச் சொறிந்தாள். அம்மா எழுந்துபோய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அவள் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் தடவினாள். நகத்தடியில் கறுப்பாக ஒட்டியிருந்ததைத் துணி நுனியால் எடுத்தாள்.

"ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்," என்றாள் அம்மா.

"ஆமா," என்றாள் அவள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. மறுநாள் குழி மூடப்பட்டு அதன்மேல் ஒரு பழைய வாளி கவிழ்ந்திருந்தது. செடிக்காரர்கள் கேட்டால், "அழுகிடுச்சு," என்றாள் அம்மா. அம்மா நம்பிவிட்டாள் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். படிக்காதவள்தானே, எதையும் கூர்ந்து பார்க்கமாட்டாள் என்று. கல்லூரியில் படித்த காலத்தில் அம்மாவின் அசட்டுத்தனத்துக்கு உதாரணமாக இதை ஒரு தோழியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

வெயில் ஏறியது. இலையின் விளிம்பு மெல்லச் சுருளத் தொடங்கியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து வெட்டுத்துணியை நனைத்தாள். இலைமேல் சிந்திய துளிகள் ஒட்டாமல் உருண்டு அவள் மடியில் விழுந்தன. இலை அவள் தோள்மேல் சாய்ந்தது.

பாலம் தாண்டியதும் போன் அடித்தது. சித்தி. அம்மாவின் தங்கை.

"எங்கம்மா இருக்க?"

"பாலம் தாண்டிட்டேன் சித்தி. இன்னும் இருவது நிமிஷம். அம்மா முழிச்சிருக்காங்களா?"

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மெதுவாவே வா," என்றாள் சித்தி. "இனிமே அவசரம் இல்ல."

இறங்கும் இடம் வந்தபோது கண்டக்டர் சாக்கைத் தானே தூக்கிக் கீழே வைத்தார். அரை டிக்கெட் என்று எதையும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறைய இருந்தன. அவள் சாக்கோடு உள்ளே போனபோது பேச்சு நின்றது. தெருக்கோடியிலிருந்து வந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "கடைசி நேரத்துல பெத்த மக பக்கத்துல இல்ல பாரு," என்றாள்.

"நீங்க இருந்தீங்களே," என்றாள் அவள். "போதும்."

அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. "திருப்பி வச்சோம், அதுவா அந்தப் பக்கமே போயிடுச்சு," என்றாள் சித்தி. அவள் சாக்கை ஜன்னலடியில், அம்மாவின் முகத்துக்கு நேராக வைத்தாள். இலை முழுக்கத் தொங்கித் தரையைத் தொட்டது. அதைத் தூக்கி ஜன்னல் கம்பியில் சாய்த்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தாள். மறுபடி விழுந்தது.

மாமா வாயைத் திறந்தார். இலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை சலவைக் கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அழவில்லை. போர்த்தியிருந்த விரிப்பின் சுருக்கத்தைப் பார்த்ததும் ஒருத்தி உச்சுக் கொட்டினாள். "காதக்காவுக்கு இப்படியா போடுவாங்க?" இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, கொண்டுவந்திருந்த வெள்ளை விரிப்பை ஒரே உதறலில் விரித்து, மூலைகளை முக்கோணமாக மடித்து உள்ளே செருகினார்கள். ஒரு கோடு விழவில்லை. பதினோரு மணிக்கு வண்டி வந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பின்மதிய வெயில். வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். கொல்லைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். செடிகளுக்கு நடுவே மூன்று பேர் நின்றார்கள். ரிட்டயரான ட்ராயிங் மாஸ்டர், பார்சல் ஆபீசில் வேலை செய்யும் அக்கா, பழைய லாரிக்காரர். எல்லோரும் நோட்டில் இருப்பவர்கள். எல்லோர் கையிலும் ஏதோ இருந்தது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலையா? எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. இதுக்குத்தானே வந்தீங்க?"

ட்ராயிங் மாஸ்டர் திரும்பினார். அவர் கையில் இருந்தது ஒரு பூவாளி.

"எடுக்க வரலம்மா," என்றார். "வீட்டுல முடியாத ஆள் இருந்தா செடியை யாரு பாப்பாங்க? நாலு நாளா தண்ணி காட்டியிருக்க மாட்டீங்க. ஊத்திட்டுப் போயிடறோம்."

பார்சல் அக்கா குடத்தை நிரப்பி லாரிக்காரரிடம் கொடுத்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து அவர் வரிசையாக ஊற்றினார். யாரும் எந்தச் செடியையும் தொட்டுப் பார்க்கவில்லை, இது இருக்கிறதா அது இருக்கிறதா என்று கேட்கவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் சத்தம் மட்டும் ஒவ்வொரு தொட்டியாகக் கேட்டது.

மாமா துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாக இந்தக் கொல்லைக்கு வரும்போதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "காதெல்லாம் வந்தாச்சு, யானை எப்பம்மா வரும்?" அம்மாவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவள்போலச் சிரிப்பாள். இன்று அவர் செடிகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

அவள் உள்ளே போய்ச் சாக்கையும் காய் நறுக்கும் கத்தியையும் எடுத்து வந்தாள். கத்தி நுனியால் டெய்லரின் தையலைப் பிரித்தாள். வெட்டுத்துணிகளை விலக்கினாள். ட்ராயிங் மாஸ்டர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

"சிலேட்டா?" என்றார். "இது அழுகிடுச்சுன்னாங்களே அக்கா."

"அழுகல," என்றாள். "நான் பிடுங்கிப் போட்டேன்."

பார்சல் அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி அவளைப் பார்த்தாள். லாரிக்காரர் வேறெங்கோ பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செடிக்காரர்கள் வந்த இடத்தையும் போன இடத்தையும்தான் கேட்பார்கள்.

"மூணாக்கணும்," என்றாள். "ஒண்ணு உங்களுக்கு மாஸ்டர். ஒண்ணு அக்காவுக்கு. ஒரே வீட்டுல இருக்கக் கூடாதுல்ல."

"கையில பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கம்மா. அரிக்கும்."

அவள் சுற்றிக்கொள்ளவில்லை. வெறும் கையால் கிழங்கைப் பிடித்து, பக்கக் கிழங்குகள் ஒட்டியிருந்த இடத்தில் கத்தியை இறக்கினாள். வெட்டுவாயில் பால் கசிந்து விரல்களுக்கிடையே ஓடியது. தொங்கிய இலையைத் தண்டோடு நறுக்கி ஓரமாக வைத்தாள். "எல போனாப் போகட்டும், கெழங்கு நல்லாருக்கு," என்றார் மாஸ்டர். இரண்டு துண்டுகளை வெட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஒன்றுக்குப் பூப்போட்டது, இன்னொன்றுக்குக் கோடு போட்டது.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள்.

மாமா எழுந்தார். அவள் வாளியைத் தூக்கினாள். அடியில் ஒன்பது வருஷம் வெயில் படாத மண். வெளிறி, பொடிப்பொடியாக, ஒரு புல்கூட முளைக்காமல் வட்டமாக இருந்தது. அதைக் கிளறித் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, தாய்க்கிழங்கை நட்டாள்.

அவர்கள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சித்தி இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்ளரை நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

"என்னடி இது, கையெல்லாம் செவந்து தடிச்சுக் கெடக்கு?"

முழங்கை வரை ஏறியிருந்தது. விரல் இடுக்குகளில் ஊசி ஊசியாகக் குத்தியது.

"ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் சித்தி."

"இப்படியா கடிக்கும்? இரு, எண்ணெ எடுத்துட்டு வர்றேன்."

"வேணாம்," என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சித்தி டீயைப் படியில் வைத்தாள். கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்த வாளியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, சொறியாமல், வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.